சத்தம் வெளியே போகாத அறை

"சுவர்ல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது சார். பழங்காலக் கட்டிடம், தொல்பொருள் ஆபீஸ்ல கண்டிப்பா சொல்லிட்டாங்க," என்றார் தச்சர்.

"அப்ப சுவரைத் தொடாம உள்பக்கமா மரச்சட்டம் நிறுத்தி, அதுல பஞ்சை அடைச்சுடுங்க. சத்தம் துளிகூட வெளியே போகக் கூடாது," என்றார் வீட்டுக்காரர்.

இருநூறு வருடத்துக்கு முன் தானியக் கிடங்காக இருந்து, பிறகு பத்துக் குடும்பங்களுக்கு வீடான கட்டிடம் அது. அவர் வீட்டின் பின்கோடியில், வளைவுக் கூரைக்குக் கீழே, எட்டடிக்கு ஆறடியில் ஒரு சாமான் அறை. மனைவி அக்கா வீட்டிலிருந்து திரும்புவதற்குள் அதை வயலின் அறையாக்கிவிட வேண்டும் என்று பரபரத்தார்.

"நாற்காலிக்குக் கை வேணாம். வில்லை இழுக்கும்போது முழங்கை இடிக்கும்."

"அம்மாவுக்கா சார்?"

"ஆமா. கல்யாணமான புதுசுல வாசிச்சா. ஒருநாள் ஆபீஸ் எரிச்சல்ல, 'இது வீடா, சந்தைக்கடையா'ன்னு கத்திட்டேன். மறுநாளே பெட்டியைப் பரண்ல ஏத்திட்டா. முப்பத்தொரு வருஷமாச்சு. ஒருநாள்கூடக் குத்திக்காட்டினதில்ல."

அளவு பார்க்க நேற்று அந்தப் பெட்டியை இறக்கியபோது அதில் தூசியே இல்லை. வாசிக்காவிட்டாலும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டார்.

"இனிமேயாவது யாருக்கும் பயப்படாம வாசிக்கட்டும். முற்றத்துப் பக்கம் இருக்கிற ஜன்னலையும் பலகை போட்டு அடைச்சுடுங்க."

தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தயங்கி நின்றார்.

"அதை மட்டும் விட்டுடலாமா சார்? காலையில மரம் இறக்கும்போது எதிர்வீடு, மாடிவீடுன்னு நாலஞ்சு பேர் வந்து என்ன வேலைன்னு விசாரிச்சாங்க. சொன்னதும், ஜன்னலை அடைச்சுடாதீங்கன்னு ஒரே கெஞ்சல்."

"அவங்களுக்கு என்ன வந்துச்சு?"

"லீவு நாள் தவிர தினமும் பதினொரு மணிக்கு அம்மா வாசிக்கிறதைக் கேட்டுக்கிட்டேதான் அவங்க வீட்டுல சமையலே நடக்குமாம். இத்தனை வருஷத்துல ஒருநாள் தவறினதில்லையாம். இப்ப ரெண்டு மாசமாத்தான் சத்தமே காணோம், அம்மாவுக்கு உடம்புகிடம்பு சரியில்லையான்னு என்னைக் கேக்கிறாங்க."

வேலையிலிருந்து ஓய்வு பெற்று அவர் வீட்டோடு இருக்க ஆரம்பித்து அன்றோடு சரியாக இரண்டு மாதம் ஆகியிருந்தது.