தூசியின் எடை

மூத்த ஆய்வாளர் நாற்காலியை விட்டு எழுந்ததும், அறையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் வேலை வந்துவிட்டது.

கணக்காளர் கணினிக்குள் தலையை விட்டார். தட்டச்சர் அடித்து முடித்த கடிதத்தையே மறுபடி அடித்தார். உதவி ஆய்வாளர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

அடக்கம் என்று நினைத்துக்கொண்டார் மூத்த ஆய்வாளர். தன்னோடு சுற்றுப்பயணம் வர ஆசை இல்லாமலா இருக்கும்? வாய்விட்டுக் கேட்கக் கூச்சம்.

கடைகளிலும் கிடங்குகளிலும் உள்ள தராசுகளைச் சரிபார்க்க, மாதத்தில் பத்து நாள் ஊர் ஊராகப் போகிற உத்தியோகம். எடைக்கல் பெட்டிக்கு இரண்டு கைப்பிடி. ஆகவே ஆளும் இரண்டு. இன்னொரு கைப்பிடியைப் பதினேழு வருடம் பிடித்த எழுத்தர் போன வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றுவிட்டார்.

அவரைத் தாழ்ப்பாள் என்பார்கள். வாய் அவ்வளவு லேசில் திறக்காது.

“புதுத் துணைய நீங்களே பாத்து எடுத்துக்குங்க. மத்தியானத்துக்குள்ள பேர் வேணும். ஆள் கிடைக்கலன்னா, இனிமே இங்கயே மேசையில உக்காந்துக்க வேண்டியதுதான்” என்று மேலாளர் காலையில் சொல்லியிருந்தார்.

மேசையில்! நினைக்கும்போதே அவருக்கு மூச்சு முட்டியது.

தாழ்ப்பாளைக் கண்டெடுத்தது தன்னுடைய சாமர்த்தியம் என்பது அவரது நெடுநாள் கருத்து. ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வரச் சொன்னால் வந்து நிற்பார். விடுதி அறையில் நாலரை மணிக்கு விளக்கைப் போட்டால் சிணுங்க மாட்டார். தராசின் வரலாற்றை முதல் நிறுத்தத்தில் தொடங்கினால், கடைசி நிறுத்தம் வரை ‘ம்’ கொட்டுவார்.

ஒருமுறை ஏதோ ஒரு பேருந்து நிலையத்தில் அடைமழை. உட்கார இடமே இல்லை. எடைக்கல் பெட்டியின் மேல் உட்காரக் கூடாது என்பது விதி. அந்த விதியை முக்கால் மணி நேரம் விளக்கிவிட்டு, அதன் மேலேயே இருவரும் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஒரே பன்னைப் பிய்த்துத் தின்றார்கள்.

அன்று தாழ்ப்பாள் சத்தமில்லாமல் சிரித்தார். அந்தக் குலுங்கல் இவர் முதுகில் இன்னும் இருந்தது.

ஜன்னலோரம் எப்போதும் மூத்த ஆய்வாளருக்குத்தான். தாழ்ப்பாள் அதைக் கேட்டது ஒரே ஒரு தடவை. கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையைப் பிற்பாடு பல கூட்டங்களில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஊர் திரும்பும் அந்தப் பயணத்தில் தாழ்ப்பாளின் கண் கலங்கியிருந்தது. கேட்டதற்கு, தூசி என்றார். தராசுத் தட்டில் படிகிற தூசி எத்தனை மில்லிகிராம் பிழை தரும் என்று இவர் அடுத்த மூன்று ஊர் தாண்டும்வரை விளக்கினார். அந்த விளக்கம் அலுவலகத்தில் இப்போது எல்லோருக்கும் மனப்பாடம்.

பழைய சுற்றுப்பயணப் பட்டியல்களைப் புரட்டினால் பொருத்தமான பெயர் ஒன்று தோன்றும் என்று அலமாரியைத் திறந்தார்.

“ஐயோ சார், அந்தக் கோப்ப மட்டும் எடுக்காதீங்க. நானே பாத்துச் சொல்றேன்” என்று பதிவேட்டு அக்கா பதறி எழுந்தார்.

மூத்தவரை யார் தடுப்பது? எடுத்தார்.

உள்ளே பட்டியல் இல்லை. விண்ணப்பங்கள் இருந்தன.

‘மேற்படியாருடன் அனுப்புவதாயின், எடைக்கல் பெட்டியை நான் ஒருவனே தலையில் சுமந்து நடந்து போகச் சித்தமாயிருக்கிறேன்’ என்று எழுதியிருந்தார் கணக்காளர். உதவி ஆய்வாளரின் இடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ்கள் ஆறு. தட்டச்சர் சிக்கனக்காரர், ‘காதுவலி’ என்பதோடு முடித்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் அடியில் பதினேழு வருடத்துப் பழுப்புத் தாள். எறும்பு ஊர்கிற மாதிரி தாழ்ப்பாளின் எழுத்து.

‘அடுத்த மாதம் முதல் என்னை வேறு யாருடனாவது அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

மூத்த ஆய்வாளர் அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

அதனோடு குண்டூசியால் குத்தியிருந்தது இன்னொரு தாள். மூன்று வாரம் கழித்து எழுதியது.

‘முந்தைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். சென்ற வாரம் திரும்பக் கிளம்புகிற நேரத்தில் விடுதிக்குத் தொலைபேசி வந்தது. என் தம்பி இறந்துவிட்டான். ஊர் திரும்பப் பதினோரு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் சார் தராசைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வீடு போய்ச் சேர்ந்தேன். இனி அவருடனேயே அனுப்பவும். தம்பி விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டாம். தெரிந்தால் அடுத்த முறை எனக்காகப் பேசாமல் வருவார்.’

இரண்டு தடவை படித்தார். குண்டூசியை அதே துளைகளில் குத்தி, கோப்பை இருந்த இடத்தில் வைத்தார்.

“யார் பேரப் போடட்டும் சார்?” அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

“யாருக்கு மனசிருக்கோ அவங்க பேர. இல்லன்னா வெறுமனே விட்டுடுங்கம்மா. போட்டீங்கன்னா, ஜன்னலோரத்த அவங்களுக்குப் போடுங்க.”

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். “கண்ணு ஏன் சார் இப்படி இருக்கு?”

“தூசி.”

கணக்காளர் கணினியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். தட்டச்சரின் விரல்கள் நின்றன. அறை மொத்தமும் விளக்கத்துக்காகக் காத்திருந்தது.

வரவில்லை.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்படியொரு சத்தம் அந்த அறையில் இருப்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

“எத்தன மில்லிகிராம் சார்?” என்றார் உதவி ஆய்வாளர், இடுப்பிலிருந்து கையை எடுத்தபடி.