நேயர் ஆளவந்தார்

வானொலியில் நேயர் விருப்பம் வாசிக்கும் பத்மாசனி ஊரிலுள்ள ஆண்கள் எல்லோருடைய பெயரையும் சொல்லுவாள், கட்டிய கணவன் பெயரைத் தவிர. வீட்டில் அவருக்கு 'இந்தாங்க' என்றுதான் பெயர். அவள் வாயால் ஒரே ஒரு தடவை 'ஆளவந்தார்' என்று கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. வாரம் தவறாமல் பாட்டுக் கேட்டு அஞ்சலட்டை போட்டார். மளமளவென்று பெயர்களை வாசித்து வருபவள், அவருடையது வந்ததும் "மற்றும் பலர்" என்று முடித்துவிடுவாள்.

"நான் ஒருத்தன்டி. பலர் இல்ல."

"போங்க, வெக்கமா இருக்கு. ஊரே கேக்கும்."

அவரும் விடவில்லை. வேறு எவருமே கேட்காத பழைய பாட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து எழுதினார். நிலைய அதிகாரி அதைத் தேர்ந்தெடுத்துவிட, அவளுக்குத் தப்பிக்க வழியில்லை. வானொலி இரண்டு முறை இருமியது. பிறகு, "இந்தப் பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர்... நம்ம வீட்டுக்காரர்" என்றது. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் 'நம்ம வீட்டுக்காரர்' ஆகிப்போனார்.

பத்மாசனி இறந்த பிறகும் அவர் அட்டை போடுவதை நிறுத்தவில்லை. இன்று டீக்கடை வானொலியில் அதே பாட்டுக்கு முன்னால், புதிதாக வேலைக்கு வந்த பெண் கணீரென்று வாசித்தாள்: "விரும்பிக் கேட்டவர், நேயர் ஆளவந்தார்."

"ஆளவந்தாராமே! யாருய்யா அது?" என்றார் கடைக்காரர். "நம்ம வீட்டுக்காரரே, உங்களுக்குத் தெரியுமா?"

"மற்றும் பலர்ல ஒருத்தரா இருக்கும்," என்றார் அவர், டீயை ஊதிக்கொண்டே.