ஆரஞ்சு விளக்கு

“ரெண்டும் நல்ல கேபிளுதான் கயலு. மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். ஆனா சேர மாட்டேங்குது.”

கட்டிலின் மேல் இருந்த, கம்ப்யூட்டர்களை இணைக்கும் இரண்டு பழைய ஸ்விட்ச் பெட்டிகளையும் பூங்கோதை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட பெட்டிகள் அவை. படிப்புக்காகக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். இரண்டுக்கும் நடுவே இரண்டு நீலக் கேபிள்கள். ஒன்றின் விளக்கு பச்சையாக எரிந்தது. மற்றது ஆரஞ்சிலேயே நின்றது.

கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த உடைந்த பீங்கான் இன்சுலேட்டரைத் தாண்டி டீயுடன் வந்தாள் கயல்விழி. பூங்கோதையின் கணவன் ஆனந்தராஜின் தங்கை.

சனிக்கிழமை சென்னையில் நெட்வொர்க் பரீட்சை. போன தடவை இதே பகுதியில்தான் பூங்கோதை கோட்டை விட்டாள். திரையில் ஒரு பட்டியலைக் காட்டி, இணைப்பு ஏன் சேரவில்லை என்று கேட்டிருந்தார்கள். இந்தத் தடவையும் தேறாவிட்டால், நெட்வொர்க் வேலைக்குக் கம்பெனி வெளியாளை எடுத்துவிடும்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க அண்ணி. சொல்லச் சொல்ல ஒங்களுக்கே வெளிச்சமாயிடும்.”

விளக்கிச் சொல்வதென்றால் பூங்கோதைக்கு டீகூட மறந்துபோகும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இரண்டு கேபிள் போட்டால், தகவல் ஒன்றில் போய் மற்றதில் திரும்பி வந்து சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குப் பயந்து ஸ்விட்சே ஒன்றை அடைத்துவிடும். அதுதான் ஆரஞ்சு. இரண்டையும் ஒரே கட்டாகச் சேர்த்துவிட்டால் இரண்டுமே வேலை செய்யும். ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு கேபிளுக்கும் நேரே லேப்டாப் திரையில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து வரும். இப்போது இரண்டுக்கும் ‘ஐ’ என்று வந்திருந்தது.

“ஐ-ன்னா?”

“உயிரோடதான் இருக்குது. ஆனா தனியா நிக்குது.”

“செத்துப்போயிருந்தா?”

“டி-ன்னு வரும். அதுகூடத் தேவல. தூக்கிப் போட்டுட்டு வேற கேபிள் மாட்டிடலாம். இதுல எதைக் கழட்டுறது?”

ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்த செல்போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. மணி ஆறரை. பூங்கோதை அதை எடுத்து ஏதோ ஒரு பட்டனை அழுத்தி, அந்தப் பக்கம் ஒரு ரிங்கு போனதும் காதில் வைக்காமலே துண்டித்துவிட்டு, மறுபடியும் கவிழ்த்து வைத்தாள்.

“யாரு அண்ணி அது? தெனமும் சொல்லிவெச்ச மாதிரி ஆறரைக்கு ஒரு ரிங்கு?”

“ராங் நம்பரு.”

“நம்பரைக் குடுங்க. நான் நாலு கேள்வி கேக்குறேன்.”

“விடு கயலு.”

கயல்விழி பேச்சை மாற்றினாள். அண்ணன் என்ன சொல்கிறான், குஜராத் டைல்ஸ் கம்பெனிச் சூளையில் வெயில் எப்படி, பரீட்சைக்கு வாழ்த்துச் சொன்னானா என்று வரிசையாகக் கேட்டாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பூங்கோதை, “பேசினாங்க. நல்லாப் படின்னாங்க,” என்றாள்.

பிறகு நோட்டைப் பிரித்து, இரண்டு பெட்டிகளிலும் தான் அடித்திருந்ததை வரி வரியாக ஒப்பிட்டாள். ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை.

கயல்விழிக்கு இன்னும் அந்தப் போன்தான் மனதில் இருந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

“அந்த ராங் நம்பரு ஒரு ரிங்கு விட்டு வெக்குது. நீங்க ஒரு ரிங்கு விட்டு வெக்கிறீங்க. ரெண்டு பக்கமும் போன் நல்லாத்தான் இருக்குது. யாராவது ஒருத்தர் பேசித் தொலைச்சாத்தானே அண்ணி?”

பூங்கோதையின் விரல் நோட்டில் ஒரு வரியில் நின்றது.

ஆக்டிவ் என்று வைத்த பக்கம், ‘சேரலாமா?’ என்று தானே கேட்கும். பாஸிவ் என்று வைத்த பக்கம், கேட்டால் மட்டும் பதில் சொல்லும். எதிர்ப் பெட்டியைத் தொந்தரவு செய்யாத அமைப்பாயிற்றே என்று பாஸிவை எழுதி வைத்து, நோட்டின் அதே பக்கத்தைப் பார்த்து இரண்டு பெட்டியிலும் அடித்திருந்தாள்.

“ரெண்டுமே காத்துக்கிட்டு இருக்குது கயலு,” என்றாள் மெதுவாக. “கேட்டா சொல்லலாம்னு இதுவும் இருக்குது, அதுவும் இருக்குது. கேக்கறதுக்குத்தான் ஆளில்ல.”

“அப்ப ரெண்டையும் மாத்தணுமா?”

“வேணாம். ஒண்ணு போதும்.”

ஒரு பெட்டியில் மட்டும் பாஸிவை அழித்து ஆக்டிவ் என்று அடித்தாள். விளக்குகள் அணைந்தன. இருவரும் குனிந்து பார்த்தார்கள். சிறிது நேரத்தில் ஒன்று பச்சையானது. பிறகு மற்றதும். திரையில் இரண்டு கேபிள்களுக்கு நேரேயும் ‘பி’ வந்திருந்தது.

“பாஸாயிடுவீங்க அண்ணி,” என்று சொல்லிவிட்டு டம்ளர்களோடு அடுப்படிக்குப் போனாள் கயல்விழி.

பூங்கோதை இரண்டு பச்சை விளக்குகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செல்போனைத் திருப்பினாள். ‘ராங் நம்பர்’ என்று அவள் சொன்ன அழைப்புக்கு நேரே ஆனந்தராஜ் என்ற பெயர் இருந்தது. வேலையை விட்டுவிட்டுக் குஜராத்துக்கு வா என்று அவன் சொல்லி, பரீட்சை எழுதாமல் வரமாட்டேன் என்று இவள் சொல்லி, நாற்பத்தேழு நாளாகத் தினமும் அங்கிருந்து ஒரு ரிங்கு, இங்கிருந்து ஒரு ரிங்கு. ஒரு வார்த்தை கிடையாது.

அந்தப் பெயரை அழுத்தினாள். முதல் மணி அடித்து ஓய்ந்தது. அவள் துண்டிக்கவில்லை. இரண்டாவது மணியின் பாதியில் அந்தப் பக்கம் எடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் காத்திருந்தது.

“நாந்தாங்க,” என்று அவளே ஆரம்பித்தாள்.