நேராகத் தட்டி வந்தவர்

"ஃபோன் அடிக்குது பாரு, எடும்மா! எடுத்து, 'சார் மீட்டிங்ல இருக்காரு, நாளைக்குக் கூப்பிடுங்க'ன்னு சொல்லு!"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டிசைனர் ஃபோனை எடுத்துச் சொன்னாள். இந்தப் பக்கத்திலிருந்து அழைத்தது சீஃப்தான். ஒத்திகை.

சீஃப் என்பது ஆபீசில் அவருக்கு வைத்த பெயர். ஆபீஸ் என்பது அவரும் டிசைனரும். ஊரார் வலைத்தளங்களைத் தேடலில் முதல் பக்கத்துக்கு ஏற்றுவதும், இணையத்தில் விளம்பரம் போட்டு வாடிக்கையாளர்களை வரவழைப்பதும் தொழில். அவருடைய சொந்த வலைத்தளம் மட்டும் ஒன்பதாம் பக்கத்தில் யார் தொந்தரவும் இல்லாமல் குடியிருந்தது.

இன்று மாதக் கடைசி. மனைவி காலையிலேயே தீர்ப்பை வாசித்துவிட்டாள்.

"இன்னிக்குள்ள ஒரு கஸ்டமராவது கையெழுத்துப் போடலைன்னா, நாளையிலேர்ந்து அப்பாவோட டைல்ஸ் கடையில போய் உக்காருங்க. அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"மாமா என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? நான் சொல்லி எதை மறுத்திருக்காரு?"

அந்தக் கடை சீஃபுக்குப் புதிதல்ல. போன வருடம் மாமனார் காய்ச்சலில் படுத்தபோது ஒரு வாரம் அங்கே உட்கார்ந்திருக்கிறார். சும்மா உட்காரவில்லை. பழைய பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு, 'தரை அனுபவத் தீர்வுகள்' என்று புதிதாக மாட்டினார். அந்த வாரம் கடைக்கு வந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டார்கள்.

இப்பேர்ப்பட்ட மூளை போயும் போயும் டைல்ஸ் தூசியில் புதைய வேண்டுமா?

நல்லவேளையாக, நேற்று மாலை வலைத்தளப் படிவத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: 'தண்ணீர்த் தொட்டி வியாபாரம். நாளை நான்கு மணிக்கு நேரில் வருகிறேன்.' அதிலிருந்து சீஃபுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று மணியிலிருந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"நம்ம விளம்பரம் எப்படி ஆளை இழுத்துட்டு வருது பாத்தியா?"

"விளம்பரத்தைத் தொட்டு வரலை சார். தேடியும் வரலை. ரிப்போர்ட்ல பாத்தேன், நம்ம வெப்சைட் முகவரியை நேரா தட்டி வந்திருக்காரு."

"அதாம்மா பிராண்டு! பேரு மனசுல அப்படியே பதிஞ்சிருக்கு!"

"நம்ம முகவரியில இருபத்தாறு எழுத்து சார்."

அப்போது கதவு தட்டப்பட்டது.

தண்ணீர்த் தொட்டிக்காரர் உள்ளே வந்து, ஆபீசை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பார்க்க நிறைய இல்லாததால் சீக்கிரமே உட்கார்ந்துவிட்டார். சீஃப் விளக்கை அணைத்து, சுவரில் படம் ஓட்டினார்.

"இது புனல் சார். மேல லட்சம் பேர் வந்து விழுவாங்க. கீழ வாடிக்கையாளரா வடிஞ்சு வருவாங்க."

"புனல் எங்க கடையிலயும் இருக்கு தம்பி. நல்லா ஓடற சரக்கு."

டிசைனருக்கு இருமல் வந்தது. சீஃப் விடாமல் நாற்பது படங்களை ஓட்டினார். வந்தவரின் பார்வை ஒருமுறைகூடச் சுவருக்குப் போகவில்லை. சீஃபையே, மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தேகம் எதுவும் இருந்தாக் கேளுங்க சார்."

"இந்த வேலைக்கு நீங்க தினமும் இங்க வரணும்ல?"

"கண்டிப்பா சார்! உங்க வேலைன்னா ராத்திரி பகல் பாக்க மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமையும்தான்!"

தொட்டிக்காரரின் முகம் மலர்ந்தது. "ஒப்பந்தம் எத்தனை மாசத்துக்கு?"

"ஆறு மாசம் சார். வேணும்னா மூணு மாசமாக் குறைச்சு..."

"மூணு வருஷமாப் போடுங்க."

சீஃப் பேனாவை எடுத்தார். ஒப்பந்தத்தில் 'ஆறு மாதம்' என்பதை அடித்து 'மூன்று வருடம்' என்று எழுதினார். தொட்டிக்காரர் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். எழுந்து கைகுலுக்கி, படியிறங்கிப் போனார்.

சீஃப் மனைவியை அழைத்தார். "மூணு வருஷம்! ஒரே சந்திப்பு! விலையைக்கூடக் கேக்கலை, என் பேச்சுல மயங்கிட்டாரு. அப்பாகிட்ட சொல்லிடு, நாளைக்கு நான் வரலைன்னு. பாவம், எதிர்பாத்துட்டு இருப்பாரு. மனசு கஷ்டப்படும், பக்குவமா சொல்லு."

சொல்லி முடித்ததும்தான் நினைவு வந்தது. வலைத்தளத்தில் 'எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்' என்ற பக்கம் நான்கு வருடங்களாக வெறுமையாகக் கிடக்கிறது. கேமராவோடு இரண்டிரண்டு படிகளாகத் தாவி இறங்கினார்.

தொட்டிக்காரர் கீழே, வாசலுக்கு முதுகைக் காட்டியபடி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். முகத்தில் அந்த மகிழ்ச்சி மாறுவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும். சீஃப் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, பூனை போல நெருங்கினார்.

"ஆமாண்ணே, மூணு வருஷம். மாசாமாசம் பணத்தை நீங்க என்கிட்ட குடுத்துடுங்க, நான் கட்டிடறேன். அட, ஏண்ணே இன்னும் பயப்படறீங்க? உங்க மாப்பிள்ளை இனிமே டைல்ஸ் கடைப் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டாரு!"