முப்பத்திரண்டு படகு, முப்பது டோக்கன்

"இன்னாத்துக்கும்மா இத்தனை நடை? பித்தளைன்னா லாய்டுக்கு உசுரு. குடுக்கவே மாட்டாரு" என்றாள் பக்கத்து வீட்டு பாக்கியவதி.

தாரா கேட்பதாயில்லை. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் முப்பது வீடு ஏறி இறங்கி, பழைய சுரங்க டோக்கன்கள் முப்பது வாங்கியாயிற்று. அவற்றைக் கொண்டுபோகும் மீனவர் தீவில் இருப்பதோ முப்பத்திரண்டு படகு. பழைய சுரங்கத் தொழிலாளி லாய்ட் வீட்டுக்கு இது நாலாவது நடை.

முதல் மூன்று நடையிலும் அவர் கதவைப் பாதி திறந்து, முழுதாக மூடினார். அதோடு விட்டாரா? "அந்த டோக்கன் போர்டை நம்பினா ஆள் சாவான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தார். தானும் கொடுக்காமல், கொடுக்கிறவர்களையும் கலைத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"நீங்க குடுக்காட்டியும் பரவால்ல அங்கிள். ஞாயித்துக்கெழம நான் போர்டை எடுத்துட்டு கெளம்பறேன்" என்றாள் தாரா, மூடிய கதவைப் பார்த்து.

கதவு திறந்தது.

"உள்ள வா. அந்தத் தீவுல இன்னா பண்ணப் போற, முழுசா சொல்லு."

தாராவுக்கு பெங்களூரில் வேலை. தீவு மீனவர்களுக்கு உதவும் அலுவலகம்.

"முன்னெல்லாம் எந்த மாசம் காத்து வரும்னு அவங்களுக்கு அத்துப்படி அங்கிள். இப்போ கடல் சூடாயிடுச்சி. கண்ட மாசத்துல புயல் வருது. போன்ல எச்சரிக்கை அனுப்பறோம். ஆனா எந்தப் படகு திரும்பிச்சி, எது இன்னும் கடல்ல இருக்குன்னு கரையில ஒருத்தருக்கும் தெரியல. போன வருஷம் ஒரு படகு வரலன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது. ரெண்டு பேர் போயிட்டாங்க."

அந்த இரண்டு பேர் போனபோதுதான் அவளுக்குத் தன் ஊர் வழக்கம் ஞாபகம் வந்தது. சுரங்கத்தில் இறங்கும்போது ஷாஃப்ட் வாசலில் இருக்கும் போர்டில் டோக்கனை மாட்டுவார்கள். கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் மேலே வந்ததும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஷிஃப்ட் முடிந்தும் ஒரு டோக்கன் தொங்கினால், ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். உடனே தேடக் கிளம்பிவிடுவார்கள். தீவிலும் படகுக்கு ஒரு டோக்கன். தகரம் உப்புக்காற்றில் அரித்துவிடும் என்பதால்தான் பித்தளை.

"கரைக்கு வந்ததும் டோக்கனை யார் எடுப்பாங்க?" என்று கேட்டார் லாய்ட்.

"யாராச்சும் எடுப்பாங்க. எல்லாம் சொந்தக்காரங்கதானே? முன்னாடி வர்றவங்க, பின்னாடி வர்றவங்களோடதையும் சேத்து எடுத்துடலாம்."

"அப்போ குடுக்க மாட்டேன்."

தாராவுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க எதுக்குத்தான் குடுப்பீங்க? எங்கப்பா இருந்திருந்தா மொதல் டோக்கன் எங்க வூட்லேர்ந்துதான் வந்திருக்கும்."

முப்பது வீட்டில் கேட்டவள் வீட்டில் ஒரு டோக்கன் இல்லை. அவளுக்கு ஐந்து வயதாகும்போது, கீழே பாறை சரிந்து அப்பா கௌதமன் போனார். அவர் டோக்கன் எங்கோ தொலைந்துவிட்டதாக அம்மா சொல்வாள். 615 என்ற நம்பர் மட்டும் அம்மாவின் பென்ஷன் புத்தகத்தில் மிச்சம்.

லாய்ட் கோபப்படவில்லை. "பேப்பர் வச்சிருக்கியா? எழுது. கடலுக்குப் போனவன்தான் வந்து தன் டோக்கனை எடுக்கணும். அவனுக்காக வேற யாரும் எடுக்கக்கூடாது. அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி, அப்பன் மகனா இருந்தாலும் சரி."

"இவ்ளோ கறாரா சொன்னா சங்கடப்படுவாங்க அங்கிள்."

"படட்டும். ஒத்துக்கலைன்னா போர்டையே மாட்டாத, திருப்பி எடுத்துனு வந்துடு. அவங்க மூஞ்சிக்கு நேரா இதைச் சொல்லுவியா?"

தாரா பேனாவை எடுத்தாள்.

"சொல்லுவேன்" என்றாள். எழுதி, கீழே அழுத்தமாகக் கோடும் போட்டாள்.

லாய்ட் உள்ளே போய் வந்தார். அவள் கையில் இரண்டு டோக்கன்களை வைத்தார். நேற்றுத் துடைத்ததுபோல் இரண்டும் பளிச்சென்று இருந்தன. ஒன்று 614. மற்றது 615.

"இது அப்பாவோடது. உங்ககிட்ட எப்படி அங்கிள்?"

லாய்ட் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அடுத்த கேஜ்ல வரேன்னான். போர்டுகிட்ட ஒரே கூட்டம். பாவம், அவன் வந்து நிக்க வேணாமேன்னு அவனோடதையும் நானே எடுத்துனு வூட்டுக்கு வந்துட்டேன். போர்டு காலி. சாயங்காலம் வரைக்கும் யாரும் உங்கப்பனைத் தேடல. மேல கொண்டாந்தப்போ உடம்புல இன்னும் சூடு இருந்துச்சிம்மா."