வர்தவார் தண்ணீர்

அகாசியின் சின்ன மகள் தூக்கிய வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

நுவார்த் நின்றாள். மாடியில் நிற்பவர்களுக்கும் தண்ணீர் ஊற்ற வசதியாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே சுவரை ஒட்டி நடந்து வந்திருந்தாள்.

"ஏண்டி, கை வலிக்குதா?"

சிறுமி வாளிக்குள் பார்த்தபடி நின்றாள்.

தெரு முழுக்க ஈரம். வர்தவார் திருவிழா அன்று யார் மேல் யார் தண்ணீர் ஊற்றினாலும் கோபப்படக் கூடாது. பாதிரியாரே காலையில் தொப்பலாக நனைந்து, அங்கியைப் பிழிந்துகொண்டு போனார். ஜன்னலை மூட மறந்த பேருந்து ஓட்டுநருக்கு ஒரு முழு வாளி.

நுவார்த் மேல் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை.

எதிர்வீட்டு ஷோகர் மாடியில் பானையோடு நின்றிருந்தாள். போன வருஷம் இதே பானையைத்தான் நுவார்த்தின் தலையில் கவிழ்த்து, "குளிச்சு எத்தனை நாளாச்சோ, இந்தாக்கா" என்று தெருவே சிரிக்கும்படி கத்தினாள்.

"என்ன ஷோகர், பானையில ஓட்டையா?"

"வெயிலா இருக்குக்கா. வீட்டுக்குப் போங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெயிலுக்குத்தானே தண்ணீர்.

நுவார்த்துக்கு மெல்லப் புரிந்தது. துக்க வீட்டுக்காரர்கள் மேல் மட்டும் இந்த ஊரில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.

ஆனால் அவள் வீடு துக்க வீடு இல்லை. அவள் மகன் ஜாவென் எல்லைச் சண்டையில் காணாமல் போனவன். காணவில்லை என்றுதான் ராணுவத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் கறுப்பு உடுத்தவில்லை. இன்றுகூட மஞ்சள் பூப்போட்ட கவுன்தான்.

போன வருஷமும் அவன் காணாமல் போனவன்தானே. அப்போது ஊற்றினார்களே.

ஊருக்குச் சலித்துவிட்டது. காத்திருந்தது போதும் என்று அவர்களாகவே முடிவுகட்டி, அவள் பிள்ளையைப் புதைத்துவிட்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாகினாக்குக்குத் தெரிந்தால்?

அவள் கணவர் நாலைந்து நாளாகவே சரியில்லை. டிராக்டருக்கு ஏதோ சாமான் வாங்க என்று ராணுவ அலுவலகம் இருக்கும் நகரத்துக்குப் போய்வந்ததிலிருந்து, சாப்பாட்டைக் கையால் அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். ஜாவென் பேச்சை எடுத்தால் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். அவருக்கும் நம்பிக்கை விட்டுப்போகிறதோ என்று அவள் பயந்துகொண்டே இருந்தாள். இப்போது இவள் காய்ந்த துணியோடு போய் நின்றால், மிச்சம் இருப்பதும் அறுந்துவிடும்.

தெருமுனை ஊற்றடியில் யாரும் இல்லை. பிள்ளைகள் விட்டுப்போன பிளாஸ்டிக் புட்டி ஒன்று கிடந்தது. அதை நிரப்பித் தலையில் கவிழ்த்தாள். மறுபடியும் நிரப்பினாள். முதுகு காய்ந்திருந்தால் பொய் தெரிந்துவிடும் என்று, கையைப் பின்னால் வளைத்து முதுகிலும் ஊற்றிக்கொண்டாள். மலைத் தண்ணீர். பல் கிட்டியது.

பிறகு, சிரித்துப் பழகிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

வாகினாக் தோட்டத்தில் குனிந்து, உதிர்ந்த ஆப்ரிகாட் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பாருங்க இந்த அநியாயத்தை," என்றாள். கவுனிலிருந்து தண்ணீர் சொட்டியது. "ஒரு வீடு விடலை. தெருவே சேர்ந்து குளிப்பாட்டி அனுப்பியிருக்கு."

அவர் நிமிர்ந்தார். சிரிப்பார் என்று அவள் காத்திருந்தாள்.

"யாரு ஊத்துனா?"

"யாருன்னு சொல்ல? அகாசி பொண்ணு ஒரு வாளி. ஷோகர் ஒரு பானை."

அவர் முகம் சிவந்தது. மண் ஒட்டிய கைகளோடு படலைப் பார்த்து நடந்தார். இப்போதே போய் அந்த வீடுகளின் கதவைத் தட்டப்போகிறவர் போலிருந்தது.

"ஊத்தாதீங்கன்னு நேத்து வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தேனே," என்றார்.

படலைத் திறந்த பிறகுதான், அதை இப்போது யாரிடம் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.