சேமிக்காத கடிதம்

மெர்டேக்கா சுதந்திர தின விடுமுறையில் எங்கள் அலுவலகம் காஜா பெராங் பகுதியிலிருந்து வேறு கட்டடத்துக்கு மாறியது. எங்கள் மேசையில் திரை மட்டுமே இருக்கும். கணினிகள் எல்லாம் சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் இயந்திரங்கள். அவற்றைப் புது சர்வருக்கு மாற்றியவர் சேதுபதி.

சேமிக்காத கடிதம் ஒன்றைத் திரையில் பாதியில் விட்டு வந்தது நினைவுக்கு வந்ததும் அவருக்குப் போன் செய்தேன். யார் கண்ணிலும் படாமல் அது அழிய வேண்டும்.

“என்னோடத சும்மா ஆஃப் பண்ணிடுங்க.”

“ஆஃப் பண்ணா மெமரியில உள்ளதெல்லாம் போயிரும்லா ஜெயா. அத அப்படியே ஃபைல்ல எழுதி, அங்க கொண்டுபோய்த் தொறப்பேன். விட்ட எடத்துலேருந்து ஓடும்.”

“போனா போகட்டும்.”

“அப்புறம் வேல காணோம்னு நீதான் அழுவ,” என்று சிரித்தார்.

மேலும் வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பார். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் புது அலுவலகத்தில் திரையைப் போட்டேன். கடிதம் அப்படியே இருந்தது. பாதி வாக்கியத்தில் கர்சர் மினுக்கியது. மேசையில் ஒரு தாள்: ‘திறந்திருந்தவை அனைத்தும் பார்க்கப்பட்டன. எதுவும் அழியவில்லை.’ கீழே சேதுபதியின் கையெழுத்து.

முந்தின மாலை வீடு திரும்பியபோது அவர் எனக்குச் செண்டோல் வாங்கி வந்திருந்தார்.

“ஐஸ் கரையறதுக்குள்ள சாப்பிடு.” வேறொன்றும் கேட்கவில்லை.

விவாகரத்து கேட்டு வக்கீலுக்கு நான் எழுதிய கடிதத்தை, ஒரு சொல் குறையாமல் கொண்டுவந்து சேர்த்தவர் என் கணவர். அன்றே அதை அழித்தேன். ஏழு வாரத்தில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. மன்னிப்புக் கேட்க, அத்தனை நாளும் எனக்கு வெட்கமாக இருந்தது.